மைக் அனுமதியும் பலர் கை மாறும் கைப்பேசியும்: வேப்பம்பட்டிலிருந்து ஒரு பார்வை

1. கேள்வி

சென்னையிலிருந்து செல்லும் அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் திருநின்றவூரைத் தாண்டினால் அடுத்து வருவது வேப்பம்பட்டு. ஆவடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்பவர்கள், நகருக்குள் வாடகை கட்டி மாளாமல் மனை வாங்கிக் குடியேறி வளர்த்த புறநகர் இது. இங்குள்ள நடுத்தர வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் பெரும்பாலும் ஒரே ஆளின் பொருளாக இருப்பதில்லை. காலையில் பால்காரருக்குப் பணம் அனுப்புவது அம்மா, மாலையில் அதே ஃபோனில் ட்யூஷன் வகுப்பில் உட்காருவது பையன், இரவில் யூட்யூப் பார்ப்பது அப்பா. திரைப் பூட்டின் எண் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஃபோனை முதன்முதலில் இயங்கவைத்ததோ இவர்களில் யாரும் இல்லை. வாங்கிய கடையில் இருந்த பையன். சிம் போட்டு, வாட்ஸாப் இறக்கி, குறுக்கே வந்த கேள்விக்கெல்லாம் ‘அனுமதி’, ‘அனுமதி’ என்று விரலை வைத்து, ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்திருப்பான்.

கைப்பேசியின் மைக்கை எந்தச் செயலி, எப்போது பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் உரிமை பயனரிடமே இருக்கிறது என்பது இன்றைய ஏற்பாட்டின் அடிப்படை. மென்பொருள் நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, நாடாளுமன்றம் மூன்றும் இதை ஏற்றுக்கொண்டே விதி எழுதுகின்றன. அந்தப் ‘பயனர்’ யார்? ஒரு ஆளுக்கு ஒரு ஃபோன் என்ற கணக்கில் கட்டப்பட்ட ஒப்புதல் முறை, ஒரு ஃபோனுக்கு நான்கு ஆள் என்ற வீட்டில் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

2. விளம்பரக் காது: நம்பிக்கையும் சான்றும்

மைக் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கதையில் போய் நிற்கிறது. “மிக்ஸி வாங்கணும்னு பேசிட்டுத்தான் இருந்தோம், உடனே ஃபேஸ்புக்ல மிக்ஸி விளம்பரம் வருது.” சொல்பவர் சத்தியம் செய்வார், கேட்பவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்வார்.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்டது. 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 9,000-க்கும் மேற்பட்டவற்றுக்குக் கேமராவையோ மைக்கையோ தொடும் அனுமதி இருந்தது. பயனருக்குத் தெரியாமல் ஒலியைப் பதிந்து வெளியே அனுப்பிய செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. தேடாத வேறொன்று அகப்பட்டது: சில செயலிகள் திரையில் நடப்பதைக் காணொளியாகப் பதிந்து மூன்றாம் நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்கு எந்த அனுமதிக் கேள்வியும் கேட்கப்படவில்லை.

இதை வைத்துக்கொண்டு மக்களின் சந்தேகத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. மைக்கை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஆவணமான சான்றுகள் உள்ளன. அவற்றில் ஒன்று இந்தியாவில் பிறந்தது. சில்வர்புஷ் என்ற இந்திய நிறுவனத்தின் மென்பொருள், தொலைக்காட்சி விளம்பரத்தில் கலந்து அனுப்பப்படும், மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியைக் கைப்பேசியின் மைக் வழியே பிடிக்கும் வகையில் அமைந்தது. எந்த வீட்டில் எந்த விளம்பரம் ஓடியது என்று அதைக்கொண்டு அறியலாம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016 மார்ச்சில் இந்த மென்பொருளைச் சேர்த்திருந்த 12 செயலி நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய ஒலிக்குக் காத்திருக்கும் நிரல் கொண்ட 234 ஆண்ட்ராய்டு செயலிகளைக் கண்டெடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், அல்போன்சோ என்ற நிறுவனத்தின் மென்பொருள் 250-க்கும் மேற்பட்ட விளையாட்டுச் செயலிகளில் அமர்ந்து, வீட்டில் எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்ததை வெளியிட்டது. ஸ்பெயினின் லா லிகா கால்பந்துச் செயலி ரசிகர்களின் மைக்கையும் இருப்பிடத்தையும் சேர்த்து, எந்த மதுக்கூடம் உரிமமின்றி ஆட்டத்தை ஒளிபரப்புகிறது என்று துப்பு துலக்கியது, 2019-இல் அதற்கு 2,50,000 யூரோ அபராதம்.

இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எதுவும் பேச்சைப் புரிந்துகொள்ள முயலவில்லை. அறையில் எந்த ஒலி இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. ஆக, மக்களின் அச்சம் மைக்கைக் குறிவைத்ததில் பிழையில்லை, அது கேட்பது நம் வாய்ச்சொல்லை என்று எண்ணியதில்தான் சான்று போதவில்லை.

அப்படியானால் மிக்ஸி விளம்பரம் எப்படி வந்தது? பகிரப்படும் ஃபோனில் விடை மிகச் சாதாரணமானது. மதியம் மகள் தேடியிருப்பாள். இரவு அப்பாவின் கண்ணில் படுகிறது. ஒரே வைஃபையில் இருக்கும் வேறு ஃபோனில் தேடியிருந்தாலும் விளம்பர நிறுவனங்கள் இரண்டையும் ஒரே வீடாகச் சேர்த்துக் கணக்கிட முடியும். விளம்பரம் காட்டிக்கொடுப்பது, வீட்டில் ஒருவர் செய்ததை இன்னொருவருக்கு. ஃபோன் ஒட்டுக்கேட்பதாகச் சொல்லப்படும் கதைகளில் எத்தனை இந்த வகை என்று யாராவது எண்ணிப் பார்த்தால் பயனுள்ள ஆய்வாக இருக்கும்.

3. அனுமதி எப்படி வேலை செய்கிறது

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 வரை செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் செயலி கிடையாது. அதற்குப் பின்தான் மைக் தேவைப்படும் நேரத்தில் தனியாகக் கேட்கும் முறை வந்தது. ஐஃபோனில் இது 2013-இலேயே வந்துவிட்டது. 2018-இன் ஆண்ட்ராய்டு 9, பின்னணியில் சும்மா கிடக்கும் செயலி மைக்கைத் தொடுவதைத் தடுத்தது. 2020-இன் ஆண்ட்ராய்டு 11 ‘இந்த முறை மட்டும்’ என்ற தேர்வைக் கொண்டுவந்தது. பல மாதம் திறக்காத செயலியின் அனுமதியைத் தானே பறிக்கவும் தொடங்கியது. 2021-இன் ஆண்ட்ராய்டு 12-இல் மைக் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி எரிகிறது. ஐஃபோனில் அதற்கு ஒரு வருடம் முன்பே ஆரஞ்சுப் புள்ளி வந்திருந்தது. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது மைக்கைத் தொட்டது என்று காட்டும் தனியுரிமைப் பக்கமும், எல்லாச் செயலிக்கும் சேர்த்து மைக்கை மூடும் ஒற்றைப் பொத்தானும் ஆண்ட்ராய்டு 12-இன் வரவுகளே.

அந்தப் பொத்தானைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதை அணைத்தால், அனுமதி பெற்ற செயலிக்கு ‘முடியாது’ என்ற பதில் போவதில்லை. வெறும் நிசப்தம் போகிறது. செயலி பதிந்துகொண்டிருப்பதாகவே நினைக்கும், உள்ளே ஒன்றும் இராது. ஃபோனின் அசைவை அளக்கும் உணரிகளின் வேகமும் கூடவே மட்டுப்படுத்தப்படுகிறது. காரணம் உண்டு: ஃபோனுக்குள் இருக்கும் சுழற்சி உணரி பேச்சொலியின் அதிர்வை ஓரளவு பிடிக்கும் என்று 2014-இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியோரும் காட்டியிருந்தார்கள். மைக்கை மூடியவனிடம் பக்கவாட்டுக் கதவையும் மூடச் சொல்லாமல் தானே மூடிவிடுகிறது. நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட வேலை.

‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற தேர்வுக்கோ நாம் நினைப்பதைவிட அகலமான பொருள். செயலி திரையில் இருக்கும்போது மைக்கைத் திறந்து, அறிவிப்புப் பட்டியில் ஒரு குறிப்பையும் காட்டிவிட்டால், நாம் வேறு செயலிக்குப் போன பிறகும், திரை அணைந்த பிறகும் அது தொடரலாம். வாட்ஸாப் அழைப்பில் பேசிக்கொண்டே ஃபோனைச் சட்டைப்பையில் போட முடிவது இதனால்தான். வசதி, சந்தேகம் இரண்டுக்கும் ஒரே வாசல்.

குறிகளை அப்படியே நம்பவும் முடியாது. 2023 மே மாதம், தான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாட்ஸாப் பலமுறை மைக்கைத் தொட்டதாகத் தனியுரிமைப் பக்கம் காட்டுகிறது என்று ட்விட்டர் பொறியாளர் ஒருவர் படம் போட, உலகம் முழுக்கப் பரபரப்பு. இந்திய அரசின் இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் விசாரிப்போம் என்று அறிவித்தார். பின்னர் கூகுள், ஆண்ட்ராய்டில் இருந்த பிழையால் அந்தப் பக்கம் தவறான தகவலைக் காட்டியது என்று ஒப்புக்கொண்டது. காவலாளியின் பதிவேட்டிலேயே தவறு. நிபுணர்களுக்கே சில வாரம் பிடித்த இந்த விவகாரத்தில், பச்சைக் குறி என்றால் என்ன என்றே யாரும் சொல்லித்தராத ஒருவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்?

தனியுரிமை பற்றி ஆங்கிலத்தில் வரும் அறிவுரைகள் மைக்கை எல்லாச் செயலிக்கும் மூடிவைக்கச் சொல்வது வழக்கம். நம் ஊரில் அது பாதி வேலையை நிறுத்திவிடும். கூகுள் தமிழில் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது 2017 ஆகஸ்டில். அதற்குப் பிறகு தமிழ் விசைப்பலகையில் எழுத்துத் தேடி அலுத்தவர்களும், எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களும் பேசியே தேடுகிறார்கள், பேசியே அனுப்புகிறார்கள். வாட்ஸாப்பில் நீளநீளமாகக் குரல்செய்தி அனுப்பும் அத்தைக்கு மைக்தான் எழுதுகோல். அவருக்கு உதவுவது, கீபோர்டுக்கும் வாட்ஸாப்புக்கும் விட்டுவிட்டு டார்ச் லைட், நாள்காட்டி, வால்பேப்பர், விளையாட்டுச் செயலிகளிடமிருந்து மைக்கைப் பிடுங்குவது. அமைப்புகளில் மைக் அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

4. கடன் செயலிகள்: மறுக்க முடியாத இடத்தில் ஒப்புதல்

சம்பளம் வர ஒரு வாரம் இருக்கையில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர், செயலி எதைக் கேட்டாலும் கொடுப்பார். ஒப்புதல் என்ற கருத்து மிக மெலிந்துபோகும் இடம் இது. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 நவம்பரில் தந்த அறிக்கைப்படி, இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. அந்த ஆண்டின் ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு பெங்களூருவில் இயங்கிய ஒரு கடன் செயலி வலைப்பின்னலைப் பிடித்தது. கைதானவர்களில் இரு சீன நாட்டவரும் இருந்தார்கள்.

இந்தச் செயலிகள் செய்த கொடுமை மைக் வழியே நடந்ததில்லை. தொடர்பு எண்களைச் சுருட்டி, தவணை தவறியவரின் உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் ஃபோன் போட்டு அவமானப்படுத்துவது, படங்களை ஒட்டுவேலை செய்து பரப்புவது ஆகியவையே ஆயுதம். மைக்கைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படும் சமூகம் தொடர்புப் பட்டியலைக் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறது. அச்சம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் நிற்கும் நிலை இது.

2022 செப்டம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகள் தொடர்பு எண்களையும் மைக்கையும் பிரித்தே நடத்தின. கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் போன்றவற்றைக் கடன் செயலிகள் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்புக்காக, அவருடைய வெளிப்படையான ஒப்புதலுடன், ஒரே ஒரு முறை பெறலாம். காணொளி வழியே அடையாளம் சரிபார்க்க 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி வழி திறந்திருந்ததால் மைக் இல்லாமல் முடியாது. 2025 மே மாதம் வந்த புதிய டிஜிட்டல் கடன் ஆணைகளிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

‘ஒரே ஒரு முறை’ என்ற அந்த விதியை நிறைவேற்றுவது யார் என்று பார்த்தால் கதை மாறுகிறது. ஆண்ட்ராய்டில் ‘பயன்படுத்தும்போது’, ‘இந்த முறை மட்டும்’ என்ற இரண்டு தேர்வுகளும் பயனர் முன் வருகின்றன. எதைத் தொடுவது என்று செயலி கட்டாயப்படுத்த முடியாது, இரண்டாவதை மட்டும் காட்டு என்று ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை. கடன் கேட்டவர் முதலாவதைத் தொட்டால் விதி மீறப்படாமலே அனுமதி நிலைத்துவிடுகிறது. இரண்டாவதைத் தொட்டாலும் கடன் நின்றுவிடாது. அந்த நேரத்தில் செயலிக்கு இரண்டும் ‘அனுமதி உண்டு’ என்றுதான் தெரியும். இந்தச் சிறு தகவலைக் கடன் வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. வங்கி வாசலில் வட்டி விகிதத்தை ஒட்டிவைப்பதுபோல் இதையும் ஒட்டிவைக்கச் சொல்லலாம்.

5. வீட்டுக்குள்

தனியுரிமை ஆய்வுகளில் வெகுகாலம் பேசப்படாமல் கிடந்தது வீடு. நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பெண்களிடம் பேசி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்தது. ஃபோன் தங்கள் கையில் இருந்தாலும் கணவர், பிள்ளைகள், மாமியார் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதை அப்பெண்கள் இயல்பாகவே ஏற்றிருந்தார்கள். மறுப்பதற்குப் பதில் வேறு உத்திகளைக் கையாண்டார்கள்: குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பூட்டு, ஃபோனைக் கொடுக்கும் முன் ஒரு செய்தியை அல்லது ஒரு படத்தை அழிப்பது, சில விஷயங்களை ஃபோனில் செய்யாமலே தவிர்ப்பது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி உண்டு என்று சொன்ன பெண்கள் நாட்டளவில் 54 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல் என்றாலும், ‘பயன்படுத்துவது’ என்பதும் ‘தனக்கே உரியது’ என்பதும் ஒன்றாகிவிடாது.

இந்த வீட்டில் மைக் அனுமதி என்ன செய்கிறது? ஒலிப்பதிவுச் செயலிக்கு அனுமதி கொடுத்த விரல் கணவருடையதாகவும், பதிவாகும் குரல் மனைவியுடையதாகவும் இருக்கலாம். இயங்குதளத்தின் பார்வையில் பயனர் ஒப்புக்கொண்டுவிட்டார். பல ஃபோன்களில் அழைப்புகளைப் பதியும் வசதி உள்ளேயே வருகிறது. மனைவியை அல்லது கணவரை வேவு பார்க்கும் செயலிகளைப் பிளே ஸ்டோர் 2020 அக்டோபரிலிருந்து தடைசெய்கிறது. பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கானவை நிபந்தனையுடன் அனுமதிக்கப்படுகின்றன. பிள்ளைக்கென்று வாங்கியதை மனைவியின் ஃபோனில் போட்டால் தடுக்க ஆளில்லை.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை அண்மையில் இரு திசைகளில் அணுகியுள்ளன. 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்ததை ஏற்கவில்லை. தனியுரிமை என்பது வாழ்க்கைத் துணையிடமிருந்தும் காக்கப்பட வேண்டிய உரிமை, அதை மீறிப் பெற்றது சான்றாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14 அன்று விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவியுடனான உரையாடலைக் கணவர் ரகசியமாகப் பதிந்தது விவாகரத்து வழக்கில் சான்றாகச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. துணையை வேவு பார்க்கும் நிலை வந்திருக்கிறது என்றால் அந்த மணவாழ்வு ஏற்கெனவே உடைந்ததற்கு அதுவே அடையாளம் என்று நீதிபதிகள் கருதினார்கள்.

நியாயமான விசாரணைக்குச் சான்று தேவை என்ற வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. அடி உதைக்கு ஆளாகும் பெண்ணுக்கும் ரகசிய ஒலிப்பதிவு ஒன்றே சாட்சியாக இருக்கக்கூடும். ஆனாலும் மதுரைத் தீர்ப்பே நம் வீடுகளின் நடப்பை நெருக்கமாகப் பார்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பதியும் வாய்ப்பு இருவருக்கும் சமமாக இல்லை. ஃபோனை வாங்கியவர், பூட்டு எண்ணை வைத்தவர், மற்றவர் ஃபோனை வாங்கிப் பார்க்கும் உரிமை உள்ளவர் பெரும்பாலும் ஒருவரே.

6. பொத்தான் எட்டாத இடம்

அரசோ அரசுக்கு விற்கப்படும் வேவு மென்பொருளோ கேட்க நினைத்தால் மேலே சொன்ன அனுமதிகள் எதுவும் குறுக்கே நிற்காது. அத்தகைய வேவு மென்பொருளான பெகாசஸ், இயங்குதளத்தின் ஆழத்தில் அமர்ந்து மைக்கைத் திறப்பது. திரையில் கேள்வி வராது. 2021 ஜூலையில் வெளிவந்த, வேவு பார்க்கப்பட்டிருக்கக்கூடிய எண்களின் பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையிலான குழு 29 ஃபோன்களைச் சோதித்து, ஐந்தில் தீம்பொருள் இருந்ததாகவும் அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றும் 2022-இல் தெரிவித்தது. இத்தகைய மென்பொருளுக்கும் எட்டாதபடி, மடிக்கணினிகளில் மூடியைச் சாத்தினால் மைக்கின் இணைப்பை வன்பொருளிலேயே துண்டிக்கும் வசதியை ஆப்பிள் 2018-இலிருந்து தருகிறது. அதே நிறுவனத்தின் ஃபோனில் அது கிடையாது.

இங்கே காப்பு சட்டத்திலிருந்தே வர வேண்டும், சில சமயம் வந்தும் இருக்கிறது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு தனியார் நிறுவன நிர்வாகியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ இல்லாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்பது தீர்ப்பு. 14 ஆண்டு கழித்து வந்த நிவாரணம். மென்பொருள் வேவுக்கு இதே அளவுகோலைப் பொருத்தும் வழக்குக்கு, வேவு நடந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

7. வரப்போகும் சட்டம்

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. சட்டமே ஒரு எடுத்துக்காட்டும் தருகிறது: தொலைமருத்துவச் செயலி தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் இரண்டுக்கும் சரி என்று சொன்னாலும், மருத்துவச் சேவைக்கான ஒப்புதல் மட்டுமே செல்லுபடியாகும். மைக் கேட்கும் வால்பேப்பர் செயலிக்கு இது அப்படியே பொருந்தும். ஒப்புதல் கோரிக்கையை எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு, அதாவது தமிழிலும். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்.

மூன்றாம் பிரிவோ, ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது குடும்ப நோக்கத்துக்காகத் தரவைக் கையாள்வதைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. சமையலறையில் பேசுவதைப் பதிவு செய்யும் கணவருக்கு இச்சட்டத்தில் பெயரே கிடையாது. பல நாட்டுச் சட்டங்களிலும் இப்படியொரு விலக்கு இருப்பது வழக்கம்தான். வீட்டு ஆல்பத்துக்கு ஒப்புதல் படிவம் கேட்க முடியாது. ஆனால் பதியும் கருவியும் பதியப்படுபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, அந்த விலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்று இனி வரும் வழக்குகள்தான் வரைய வேண்டும். அதுவரைக்கும் செய்யக்கூடியது தொழில்நுட்பத்தில் சிறிதளவு உண்டு. ஒரே ஃபோனில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. விலை குறைந்த பல மாடல்களில் தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள். வேப்பம்பட்டில் அதிகம் விற்பதும் அந்த விலையில் உள்ள ஃபோன்கள்தான்.